இரண்டாம் நாளுக்கு உணவுப்பட்டியல் இல்லை

படகிலிருந்து இறங்கும்போது காலடியைப் பார்,
மேகாங் எங்கும் போய்விடாது.
படிகள் ஈரம். சில இடங்களில்
படியே இல்லை.
பெட்டியைப் பிடுங்கும் பையன்கள் திருடர்கள் அல்ல,
இருபதாயிரம் கிப் கேட்பார்கள்.
சத்தமாக எண்ணிக் கொடு,
அவர்களுக்கு அது பிடிக்கும்.

செருப்பை வாசலில் விடு.
வெந்நீர் ஏழு மணிக்குமேல்.
மின்சாரம் போனால் என்னைக் கூப்பிடாதே,
எனக்கும்தான் போயிருக்கும்.

நாளைக் காலை ஒன்பதுக்குப் படகு என்று எழுதியிருக்கும்.
எட்டரைக்கே நிறைந்தால் எட்டரைக்கே போய்விடும்.
முன்பக்கம் இடம் பிடி. பின்னால் இன்ஜின்;
லுவாங் பிரபாங்கில் இறங்கி இரண்டு நாள் கழித்தும்
காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.
இருக்கைகள் பழைய வேன்களில் கழற்றியவை,
தரையோடு பிணைக்காதவை.
ஆறு வளைந்தால் பக்கத்து ஆள் உன் மடிக்கு வருவான்.
சிரித்துவிடு.
முட்டை வைத்த ரொட்டி என்னிடமே வாங்கிக்கொள்.
படகில் நூடுல்ஸ் மட்டும்தான், இரண்டு மடங்கு விலை.
விற்பவள் என் நாத்தனார்,
நான் சொன்னதாகச் சொல்லாதே.

பதினேழு வருடமாக இதையே சொல்கிறேன்,
ஆறு மொழிகளில், ஒவ்வொன்றிலும் நாற்பது சொல்.
அந்த நாற்பதில் ‘நேற்று’ கிடையாது.
எல்லோருக்கும் இங்கே ஓர் இரவுதான்.
இரண்டு ஊர்களுக்கு நடுவே
ஆறு விட்ட கொட்டாவி, எங்கள் பாக்பெங்.

போன மார்ச்சில்
மலைக்காடுகள் எரிந்த புகையில்
எதிர்க்கரை காணாமல்போன ஒரு காலை.
ஒருவர் படகைத் தவறவிட்டார்.
ஓ இல்-சூ. புசான்காரர்.
முப்பத்தோரு வருடம் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டியவர்.
ஒரு நிமிடமும் பிந்தியதில்லையாம்.
படித்துறையில் நின்று
சின்னதாகிக்கொண்டே போன படகைப் பார்த்தார்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
பகல் பதினொரு மணிக்கு ஒரு விருந்தாளியை
நான் பார்த்ததே இல்லை.
தலை வாராதவளைப்போல் நின்றது வீடு:
மாடிக் கொடியில் முப்பத்திரண்டு படுக்கை விரிப்புகள்,
கூடத்தில் குறட்டையோடு என் கணவன் புன்தாவ்,
அடுப்பில் எங்களுக்கென்று வைத்த
மூங்கில் குருத்துச் சாறு.
கசக்கும். வெளியாட்களுக்கு ஊற்றுவதில்லை.

ஊற்றினேன்.
ஒட்டரிசியை உருட்டி, தொட்டு,
கண்ணில் நீர் வரத் தின்றவர்
கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

பிறகு எதுவும் கேட்காமல்
விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
உதறு. இழு. நட.
முனைகளைக் கொடு. பின்வாங்கு.
முப்பத்திரண்டு முறை கிட்டே வந்தோம்,
முப்பத்திரண்டு முறை தள்ளிப்போனோம்,
நாற்பதில் ஒரு சொல்லும் செலவாகவில்லை.
துணியெல்லாம் புகை நாற்றம், மன்னிக்கவேண்டும் என்றேன் கடைசியில்.
முகர்ந்து பார்த்தார்.
தன் சட்டைகளில் எப்போதும் டீசல் என்றார்.

மாலைப் படகு வந்தபோது
அறைத் தட்டிகளோடு நாங்கள் எல்லோரும் கரையில்.
அவரும் வந்திருந்தார், பாதிப் படியில் நின்றுகொண்டு
இறங்கிய ஒவ்வொருவருக்கும்
விரலால் காட்டிக்கொண்டிருந்தார்:
காலடி, காலடி.

மறுநாள் ஏழு மணிக்கே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.
கையசைத்தாரா, தெரியாது.
எனக்கு விரிப்புகள் இருந்தன.

இப்போது ரயில் வந்துவிட்டது.
அவசரக்காரர்கள் அதில் போகிறார்கள்.
இந்த வாரம் பதினோரு விரிப்புகள்தான்.

சரி, நீ தூங்கு.
எட்டரை. அலாரம் வைத்துக்கொள்.
வைக்க மறந்தால்,
கசக்கும்,
இப்போதே சொல்லிவிட்டேன்.